ஏற்றுமதியான ஒரு படம்

ஏற்றுமதி என்று எங்கள் கரையில் யாரிடம் சொன்னாலும் முதலில் நினைவுக்கு வருவது இறால். அதற்குப் பிறகு நண்டு, கடலட்டை, தேங்காய்த் துருவல். ஐஸ் பெட்டிகள் அடுக்கிய லொறிகள் சிலாபம் வீதியால் கொழும்புப் பக்கம் போகும்போது பின்னால் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். அதுதான் ஏற்றுமதி. ஏற்றுவதற்கு லொறி வேண்டும், லொறிக்குள் பெட்டி வேண்டும், பெட்டிக்குள் ஏதாவது இருக்கவும் வேண்டும். அந்தச் சொல்லில் எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அதனால்தான் வசமாக மாட்டிக்கொண்டோம்.

நான் வேலை செய்யும் இடம் முந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி, கடலோடு சேரும் களப்புப் பக்கம் இறங்கும் பாதையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது படகு திருத்தும் இடம். முன்பக்கம் உண்மையிலேயே அதுதான். பைபர் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை அடைப்பார்கள், பெயின்ற் பூசுவார்கள். பின்பக்கம் குளிரூட்டிய ஓர் அறை இருக்கிறது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற ஒலியைக் கொண்டு அடித்தளத்தைப் படமாகக் காட்டுகிற கருவிகளை அந்த அறைக்குள்தான் திறந்து திருத்துகிறோம். களப்பின் வாய் எந்தப் பக்கம் மண் மூடியிருக்கிறது, இறால் பண்ணை வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்றெல்லாம் அந்தக் கருவி சொல்லிவிடும். கருவியைத் தயாரிப்பது தூர தேசத்து நிறுவனம் ஒன்று. அதைத் திறக்க அவர்களிடம் அனுமதி பெற்ற இடங்கள் இந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை.

அனுமதி என்றால் சும்மா கிடைப்பதில்லை. வாய்க்காலில் மண்ணைக் காட்டுகிற அதே கருவி கடலில் கண்ணிவெடியையும் காட்டும். யாராவது நினைத்தால் வேறு எதையும் தேடலாம். ஆகவே அந்த நாட்டுச் சட்டம் கருவியை அனுப்பும்போதே ஒரு கயிற்றையும் கட்டித்தான் அனுப்புகிறது. யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார், யார் திறக்கிறார், திறந்தவர் உள்ளே கண்டதை யாருக்குச் சொல்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். எங்கள் இடத்தில் அந்த அறைக்குள் போக முதலாளிக்கும் எனக்கும் எங்களோடு வேலை செய்கிற ஒருத்திக்கும் மட்டுமே அனுமதி.

முதலாளி கற்பிட்டிக்காரர், பொறியியல் படித்தவர். எல்லோரும் அவரைச் சேர் என்போம். என் வேலை சட்டதிட்டங்களைக் கவனிப்பது. எனக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் சுங்கம். "சுங்கம் வருது, வாயை மூடுங்க" என்று படகுப் பக்கத்துப் பொடியன்கள் என் காது கேட்கவே சொல்வார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட. யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டி படுக்கையோடு இங்கே வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். கையில் இருக்கிற அனுமதித் துண்டு சரியாக இருந்தால் வீடு போய்ச் சேரலாம் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சட்டம் என்றால் தலையிடி. எனக்கு அது தலைக்கு மேல் கூரை.

அந்த மூன்றாவது ஆள்தான் கருவிகளைத் திறப்பவள். சிலாபத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம், மீன்பிடிக் குடும்பம், கத்தோலிக்கர்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். பாதிக் கதை தமிழில், பாதிக் கதை சிங்களத்தில்; எது எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியாது. தன் தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பாள். அந்தக் கரையில் நிறைய வீடுகளில் அப்படித்தான். அண்ணன், தம்பி, மச்சாள்மார் என்று, அம்மாவைத் தவிர அவளுடைய ஆட்கள் எல்லோரும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். அவளுக்கும் வழி இருந்தது. அவள் போகவில்லை. அந்த அறையையும், அந்த மேசையையும், திறந்து கிடக்கிற அந்தக் கருவிகளையும் விட்டுவிட்டு ரோமாபுரியில் யாருடைய வீட்டையோ கூட்டிப் பெருக்கத் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். வீட்டாருக்கு அது விளங்கவில்லை. படகுக் கடையில் பெயின்ற் டின் கழுவுகிறாள் என்றுதான் அவர்கள் நெடுநாளாக நினைத்தார்கள்.

ஒருநாள் பத்து மணித் தேநீருக்கு வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இங்க பாருங்களேன். மல்லி அனுப்பியிருக்கான்."

தம்பி இத்தாலியில் ஒரு படகுத் துறையில், அவன் பாஷையில் யார்ட்டில், வேலை செய்கிறான். படத்தில் நீல உடுப்புப் போட்ட ஆண்கள் கொஞ்சப் பேர் ஒரு மேசையைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். நடுவில் தம்பி தன் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறான். அந்தக் கைபேசித் திரையில் என்னவோ பச்சையாகத் தெரிந்தது. நான் விரலால் விரித்துப் பார்த்தேன். எங்கள் அறை. எங்கள் மேசை. மூடி கழற்றிய கருவி ஒன்று, உள்ளேயிருக்கிற பலகையோடு. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இந்தப் படம் அவனிட்ட எப்பிடிப் போனது?"

"நான் தான் அனுப்பினன். நீ அங்க என்ன தான் செய்யிறாய், உன்ட வேலையக் காட்டு எண்டு ஒரே கரைச்சல். அதான்."

"எங்க, நீ அனுப்பினதைக் காட்டு."

காட்டினாள். நல்ல வெளிச்சத்தில், நல்ல கோணத்தில் எடுத்த படம். பலகையில் அச்சிட்டிருந்த எழுத்துகள் எல்லாம் வாசிக்கக்கூடியதாக இருந்தன. அது போதாதென்று பக்கத்தில் இருந்த கணினித் திரையும் விழுந்திருந்தது. திரையில் கருவியின் அளவுகளைச் சரிசெய்கிற பக்கம் திறந்து கிடந்தது. அந்தப் பக்கத்தைத்தான் அந்த நிறுவனம் உயிரைப்போலப் பொத்தி வைத்திருக்கிறது. கருவியின் வெளிப்பக்கத்தை யாரும் எங்கேயும் பார்க்கலாம், விளம்பரத்திலேயே போடுகிறார்கள். இது வேறு.

"உது ஏற்றுமதி" என்றேன்.

அவள் சிரித்தாள். "நான் எதை ஏத்தினன்? மெசின் உள்ள மேசையில தானே இருக்கு. போய்ப் பாருங்க."

கேலி செய்யவில்லை. அவள் மனதில் பட்டதைத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஏறிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலுக்கு முன்னால் நிறுத்தினேன். கொழும்பில் யாரோ மொழிபெயர்த்து அனுப்பிய அறிவித்தல் அது. 'உரிய அனுமதியின்றித் தொழில்நுட்பத் தகவல்களை வெளிநாட்டவருக்கு ஏற்றுமதி செய்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.' நான் உரத்து வாசித்தேன். அவளும் என்னோடு சேர்ந்து வாசித்தாள். அவளுக்கு அது மனப்பாடம்.

"ஓம் அக்கா. இது மெசினுக்கு வார அந்தப் புத்தகங்களைப் பெட்டியில போட்டு அனுப்பக் கூடாதெண்டு தானே? நான் ஒண்டும் அனுப்பல்லையே."

"படம் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். போனில சொன்னாலும் ஏற்றுமதிதான். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் இஞ்ச வந்து நிண்டு எட்டிப் பாத்தாலும் ஏற்றுமதிதான்."

"மல்லி வெளிநாட்டுக்காரனா? அவன்ட ஞானஸ்நானத்துக்கு நான் தான் மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

"அவனிட்ட எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கு?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் மெல்ல இறங்கியது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, அந்தக் கொழும்பு மொழிபெயர்ப்பாளர் கையில் அகப்பட்டால் என்ன செய்வேன் என்றும் யோசித்தேன். சட்டத்தை எழுதிய ஊரில் அந்தச் சொல்லுக்குள் நாட்டை விட்டு வெளியே போகிற எதுவும் அடங்கும், பேச்சும் அடங்கும். தமிழில் அதை ஏற்றுமதி ஆக்கியவுடன் பேச்சு வெளியே விழுந்துவிட்டது. லொறியும் பெட்டியும் மிஞ்சின. அறிவித்தலை நாங்கள் எல்லோரும்தான் வாசித்தோம், எல்லோரும்தான் தலையாட்டினோம். யாருக்கும் அது உறைக்கவில்லை.

விசயம் என்னவென்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிறுவனம் முதலில் செய்யக்கூடியது அவளுடைய அனுமதியைப் பிடுங்குவது. அனுமதி இல்லையென்றால் அவள் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. கருவியைத் தொட முடியாது. இந்த மாவட்டத்தில் அவளுக்கு அந்த வேலையைத் தர வேறு இடமும் இல்லை.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்த முதலாளியிடம் சொன்னோம். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார், திரும்ப எடுத்துப் போட்டார், திரும்பக் கழற்றினார்.

"அழிச்சிட்டா முடிஞ்சிச்சு தானே தங்கச்சி. அவங்களுக்கு எப்பிடித் தெரியப்போகுது?"

"பாத்தவன்ர கண்ணுக்குள்ள இருக்கிறதை எப்பிடி சேர் அழிக்கிறது?" என்றேன் நான்.

"நாங்களே போய்த் தலையக் குடுக்கச் சொல்றீங்களா?"

"நாங்களே போய்ச் சொன்னா குட்டு வாங்கித் தப்பலாம். அவையள் கண்டுபிடிச்சா இந்த இடத்தையே மூட வேணும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரியும், அவளும் அழித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளத்தான் விரும்பினாள். யார்தான் விரும்பமாட்டார்கள்? முதலாளி கடைசியில், எதற்கும் முதலில் தம்பியோடு கதைத்துப் பார்ப்போம் என்றார். இத்தாலியில் அப்போது காலை நேரம். அவள் எடுத்தாள், எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மல்லி, நான் அனுப்பின படத்தை யாருக்கும் அனுப்பினியா?"

"இல்ல அக்கே. காட்டினன், அனுப்பல்ல. ஒரு ஆள் கேட்டான்."

"யார்?"

"தெரியா. யார்ட் ஆள் இல்ல. படகு ஒண்டு காட்ட வந்தவன். இது எங்க எடுத்தது, யார் திருத்துறது, இன்னும் இப்பிடிப் படம் எடுக்க ஏலுமா எண்டு நல்லாக் கேட்டான். எனக்கு அனுப்பிவிடு எண்டான்."

முதலாளி மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நீ என்ன சொன்னாய்?"

"அக்காட்டக் கேட்டுத் தான் தரலாம் எண்டன். கேக்கத் தான் இருந்தன், நீயே எடுத்திட்டாய். குடுக்கவா?"

"வேணாம். அழி. இப்பவே அழி."

"சரி. ஏன் அக்கே, உனக்கு ஏதும் பிரச்சினையா?"

"சும்மா. ஒண்டுமில்ல. சாப்பிட்டியா?"

சாப்பிட்டானாம். அவள் வைத்துவிட்டாள். அந்த 'ஒண்டுமில்ல' என்ற சொல்லை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். படகு காட்ட வந்தவன் சும்மா அறிகிற ஆசையில் கேட்ட ஒரு விடுப்புக்காரனாக இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். பெட்டியாக இருந்தால் பூட்டலாம், நிறுக்கலாம், துறைமுகத்தில் மறிக்கலாம். கதையை எங்கே மறிப்பது? எங்கள் கரையில் ஒருவன் வலையில் என்ன பட்டது என்று அவன் கரை தொடுவதற்கு முன்பே அடுத்த துறைக்குத் தெரிந்துவிடும். அது அங்கே நல்ல குணம். இந்த வேலைக்கு அது ஆகாது.

"சரி, சொல்லுவோம்" என்றார் முதலாளி. "சுங்கம் சொல்றது தான் சரி." அவர் எனக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நிறுவனத்தின் சட்டப் பகுதியில் இருந்த பெண்மணியோடு திரையில் கதைத்தோம். நரைத்த தலை, கம்பளிச் சட்டை, பின்னால் எங்கேயோ ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. கடுகடுப்பாக இருப்பார் என்று நினைத்து நான் மனதைத் தயார்படுத்தியிருந்தேன். அவர் கடுகடுப்பாகவும் இல்லை, இனிப்பாகவும் இல்லை. படத்தில் என்ன தெரிகிறது, யார் யார் பார்த்தார்கள், கேட்ட ஆள் எப்படி இருந்தான், அழித்தது நிச்சயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, அறிவித்தலை வாசித்த ஒருவர் எப்படி இதைச் செய்தார் என்று கேட்டார். ஏற்றுமதி என்ற சொல்லைப் பிரித்துக் காட்டி, அதற்குள் இருக்கிற ஏற்றுவதையும், எங்கள் வீதியில் ஓடுகிற ஐஸ் லொறிகளையும் எடுத்துச் சொன்னேன். அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். தன் வாயால் சொல்லிப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. முடிவு வரும்வரைக்கும் அவளை அறைக்குள் விட வேண்டாம் என்றுவிட்டு வணக்கம் சொன்னார்.

அன்று முதல் அவள் முன்பக்கம் படகுகளுக்குப் பெயின்ற் பூசினாள். நன்றாகத்தான் பூசினாள், அதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. அறைக்குள் திறக்காத கருவிகள் வந்து வந்து சேர்ந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் சேர் ஏதேதோ சாட்டுச் சொன்னார். என் மேசைக்கு நேரே ஒரு யன்னல் இருக்கிறது. அதால் பார்த்தால் அவள் முதுகு தெரியும். கொஞ்ச நாளில் நான் கதிரையைத் திருப்பிப் போட்டேன்.

விசயம் அவள் வீட்டுக்கும் எட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் எதுதான் எட்டாது? ஒரு பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்.

"அம்மா கேக்கிறா அக்கா. பெயின்ற் அடிக்கவா இத்தாலி போகாம இருந்தாய் எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"பெயின்ற் அடிக்கிறதும் வேலை தானே எண்டன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், முந்தல் சந்தியில், சனங்களுக்கு நடுவே. அவள் எனக்கு லேஞ்சி எடுத்துத் தந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை முன்னேஸ்வரத்துக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அவள் புனித அன்னம்மாளிடம் போயிருந்தாள். முதலாளி தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் கூடுதலாகக் கையேந்தியிருப்பதைப் பார்த்தேன். மூன்று வாசலிலும் விண்ணப்பம் போட்டாயிற்று, இனி யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

பதில் ஒரு சாதாரண காலை வேளையில் வந்தது. தாங்களாகவே வந்து சொன்னதையும், படம் வேறு கைக்குப் போகாததையும் கருத்தில் எடுத்து, அவளுடைய அனுமதி தொடரும் என்றார்கள். கைபேசிகளை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். அறிவித்தலை, வேலை செய்பவர்கள் கதைக்கிற மொழியில் நாங்களே திருத்தி எழுத வேண்டும். நான் வாசித்து முடிக்கும் முன்பே முதலாளி எழுந்து போய்விட்டார். எங்கே போனார் என்று பார்த்தால் முன்பக்கம் அவளிடமிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டு நிற்கிறார். "உள்ள போங்க புள்ள, எவ்வளவு வேலை கிடக்கு" என்றார். அவள் பெயின்ற் கையோடு அப்படியே உள்ளே ஓடினாள். நான் வாசலில் மறித்துக் கைபேசியைப் பறித்துவிட்டுத்தான் விட்டேன். மத்தியானம் கற்பிட்டியிலிருந்து ஒரு சட்டி வட்டலப்பம் வந்தது. மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.

அறிவித்தலை எழுத உட்கார்ந்ததுதான் பெரிய பாடு. நான் யாழ்ப்பாணத்துத் தமிழ், அவள் சிலாபத்துத் தமிழ், சேர் கற்பிட்டித் தமிழ். ஒருவர் எழுதியது மற்றவருக்குச் சிரிப்பு. 'பகிராதீர்' என்று நான் போட்டேன். அது பள்ளிக்கூடத்தில் பாண் பங்கு போடுவது போல இருக்கிறது என்றாள் அவள். 'வெளிய உடாதீங்க' என்றார் சேர். ஆட்டை அவிழ்த்து விடுவதா என்று நான் கேட்டேன். வெளிநாட்டவர் என்ற சொல்லில் இன்னும் நேரம் போனது. வெளிநாட்டவர் என்றால் வெள்ளைக்காரன்தான் எல்லோர் கண்ணிலும் வருவான், தம்பி வரமாட்டான். கடைசியில் ஏற்றுமதி என்ற சொல்லை அடியோடு தூக்கிவிட்டு இப்படி எழுதினோம்: 'இந்த அறைக்குள் பார்த்ததைப் படம் எடுக்க வேண்டாம். வெளியே யாருக்கும் காட்டவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். எங்கே இருந்தாலும் சொந்தக்காரருக்கும் இதுதான்.' கடைசி வசனத்தை அவள்தான் சொன்னாள். நிறுவனத்துப் பெண்மணிக்கு அதை விளக்கியபோது, மற்ற நாட்டு அறிவித்தல்களிலும் அந்த வசனத்தைச் சேர்க்கலாம் போலிருக்கிறதே என்றார்.

ஆவணி மாதம் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குத் தம்பி வந்தான். குடும்பமாகக் கோயில் காணியில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். திருவிழா முடிந்து ஊர் திரும்புகிற வழியில் வந்த வான் வண்டியை முந்தலில் நிறுத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாசலில் வந்து நின்றான். நல்ல உயரம், கழுத்தில் செபமாலை, கையில் ஒரு பை நிறையச் சொக்கலேற். அவள் உள்ளே வேலையாக இருந்தாள். நான் எழுந்து போய் அறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். இத்தாலிப் பாஸ்போர்ட்காரன். எட்டிப் பார்த்தாலும் தவறு.

"தம்பி, குறை நினையாதேங்கோ. உள்ளுக்கு விட ஏலாது."

"தெரியும் அக்கா. நீங்க தானே சுங்கம்?" சிரித்தான். "நான் மெசின் பாக்க வரல்ல."

அவள் கருவியை மூடித் துணி போர்த்திவிட்டு வெளியே வந்தாள். முழங்கை வரை தூசி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தாள். அவன் சொக்கலேற் பையைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். கூடாரத்தில் நாள்கணக்காக ஒன்றாக இருந்தவர்கள்தான். இப்படி அவளை அவன் பார்த்ததில்லை.

"அக்கே, என்னால தானே உனக்கு இவ்வளவு கரைச்சலும்? அம்மா இப்ப தான் சொன்னா. நீ எனக்கு ஒரு சொல் சொல்லல்ல."

"உன்னால என்ன? நான் தானே அனுப்பினன்."

"அந்தப் படத்தில மூலையில உன்ட பெருவிரல் விழுந்திருந்திச்சு" என்றான். "யார்ட்ல எல்லாருக்கும் அதத் தான் காட்டினன். இது என்ட அக்காட விரல், இந்த வேலை எல்லாம் அவ தான் செய்யிறா எண்டு. மெசின் எனக்கு என்னத்துக்கு? நீ வேலை செய்யிற நேரம் எப்பிடி இருப்பாய் எண்டு பாக்கத் தான் கேட்டன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அவன் கேட்டது என்னைத் தான் அக்கா. நான் மெசினை அனுப்பிட்டன்."

அவன் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டான், அவளிடம் இல்லை, என்னிடம். நான் அவளை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். பின்னால் கதவு இல்லை, அறிவித்தல் இல்லை, ஒன்றுமில்லை. எடுத்தான். கைபேசியை என் கையில் தரச் சொன்னேன். நெற்றியில் இருந்த கண்ணாடியில் உள்ளே இருந்த ஏதாவது தெரிகிறதா என்று விரித்து விரித்துப் பார்த்தேன். சுவர் தெரிந்தது. கலைந்த முடி தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் நிற்கிற ஒருத்தி தெரிந்தாள். அவளைத் தவிர அந்தப் படத்தில் வேறு எதுவும் இல்லை.

கைபேசியைத் திருப்பி அவனிடம் கொடுத்தேன்.

"கொண்டு போங்கோ தம்பி" என்றேன்.